சந்திராஷ்டமத்தில் பேசியவர்

என் அக்கா சம்பூர்ணத்தின் கணவர் முருகையன் மாதத்தில் ஒரு நாள் பேசமாட்டார். கோபமும் இல்லை, விரதமும் இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் சொம்பைத் தொட்டுக் காட்டுவார். வாசலில் யாராவது வந்து கூப்பிட்டால் அக்காதான் எழுந்துபோய்ச் சொல்ல வேண்டும்: "அவருக்கு இன்னைக்கு நாளு சரியில்லீங்க. நாளைக்கு வாங்க."

அரியலூரிலிருந்து தா.பழூர் போகும் வழியில் உள்ள எங்கள் ஊர்களில் சந்திராஷ்டமம் பார்க்காதவர்கள் குறைவு. சந்திரன் மாதம் ஒரு சுற்று வரும்போது, அவரவர் பிறந்த ராசிக்கு எட்டாவது ராசியில் இரண்டு நாளுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தங்குகிறார். மனத்துக்கு அதிபதி அவர். அவர் எட்டில் மறைந்திருக்கும்போது மனம் நம் பேச்சைக் கேட்காது. வாய் மனத்தின் பேச்சைக் கேட்காது. அதனால் அந்த நாட்களில் பெண் பார்க்கப் போகமாட்டார்கள், பத்திரத்தில் கையெழுத்துப் போடமாட்டார்கள், சம்பந்தி வீட்டோடு வாக்குவாதம் வைத்துக்கொள்ளமாட்டார்கள். பெரும்பாலானவர்கள் காலையில் காலண்டர் தாளைக் கிழிக்கும்போது அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் பார்ப்பார்கள், "அட, இன்னைக்கு நமக்கு" என்பார்கள், டீ குடித்ததும் மறந்துவிடுவார்கள். முருகையன் மறக்கவில்லை.

காரணம் இருந்தது. அவருக்கு அனுஷ நட்சத்திரம், விருச்சிக ராசி. அந்த ராசியில் சந்திரன் நீசம். பிறப்பிலேயே பலம் குறைந்தவர். இருபத்து நான்கு வயதில், நிலம் பிரிக்கக் கூடிய பஞ்சாயத்தில் தன் அண்ணன் முத்துசாமியைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். என்ன வார்த்தை என்று அவரும் சொன்னதில்லை, அன்று கேட்டவர்களும் திருப்பிச் சொன்னதில்லை. பெற்ற தாயைச் சேர்த்துச் சொன்ன வார்த்தை என்று மட்டும் அக்கா ஒருதடவை சொன்னாள். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு தம்பி வீட்டு வாசல்படியை மிதிக்கவில்லை. தன் சாவுக்கும் தம்பி வரக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் செத்தார்.

பஞ்சாயத்து நடந்த மறுநாள் ஜோசியர் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு, "நேத்து திருவாதிரைடா. உன் நட்சத்திரத்துக்கு நேரா வந்து நிக்கிற சந்திராஷ்டமம். நீ எங்க பேசுன, அது பேசிருக்கு" என்றாராம். ஆறுதலுக்குத்தான் சொல்லியிருப்பார். முருகையன் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து மாதாமாதம் திருவாதிரையில் வாயைக் கட்டினார். திங்கட்கிழமைகளில் சிவன் கோயில் நவக்கிரகத்தில் சந்திரனுக்கு ஒரு முழம் வெள்ளைத் துணி சாத்தி, கைப்பிடி பச்சரிசி வைத்துவிட்டு வருவார். வருடத்துக்கு ஒருதடவை கொள்ளிடம் தாண்டிச் சந்திரன் தலமான திங்களூருக்கும் போய் வருவார். அங்கே என்ன வேண்டிக்கொள்வீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணும் வேண்டிக்கிறதில்ல மாப்ள. இருக்கேன்னு காட்டிட்டு வரேன்" என்றார்.

வீட்டில் பேசாமல் இருந்துவிடலாம். வேலையில் அது நடக்காது. அவர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டிப்பர் ஓட்டினார். அரியலூரைச் சுற்றி பூமியை வெட்டி வெட்டிப் படிப்படியாக இறங்கிப்போன குழிகளில் அதுவும் ஒன்று; ஒரு காண்டிராக்டரின் கீழ் வேலை. திருவாதிரையில் வண்டியும் ஓட்டக்கூடாது என்பது அவர் கட்டுப்பாடு. மாதாமாதம் லீவு கேட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அதற்கு வழி சொன்னவர் சவரிமுத்து.

சவரிமுத்து அடுத்த ஷிப்ட் டிரைவர். ஏலாக்குறிச்சிப் பக்கத்துக் கத்தோலிக்கர். முருகையனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். அவருக்கும் நாட்கள் உண்டு: பெரிய வெள்ளி, கிறிஸ்துமஸ், மாதா கோயில் தேர். அந்த நாட்களில் சவரிமுத்துவின் ஷிப்டையும் முருகையன் ஓட்டுவார். திருவாதிரையில் முருகையனுடைய ஷிப்டையும் சவரிமுத்து ஓட்டுவார். சூப்பர்வைசர் பிச்சைமுத்துவுக்கு இது தெரியும். வண்டி நிற்காமல் ஓடினால் போதும் என்று விட்டுவிட்டார். வருகைப் பதிவில் பெயரை மாற்றவேண்டாம் என்றும் அவரே சொன்னார். 1995-இல் தொடங்கிய ஏற்பாடு அது. யாரும் குறை சொல்லவில்லை.

முதல் நாளே டீக்கடையில் பேசி வைத்துக்கொள்வார்கள். நான் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருந்தபோது அந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறேன்.

"அண்ணே, நாளைக்கு உங்க ஆளு எட்டாம் வூட்டுக்குப் போறாராமே?" என்றார் சவரிமுத்து.

"போறாரு போறாரு. நீ காலையில வந்துடு."

"இருபத்தேழு பொண்டாட்டி கட்டுன ஆளு. எந்த வூட்டுக்குப் போனாலும் சண்ட இருக்கத்தான செய்யும்? அதுக்கு நீங்க என்னாத்துக்கு வாயக் கட்டிக்கிறீங்க?"

"பொண்டாட்டிக் கதையெல்லாம் உனக்கு எவன்டா சொன்னான்?"

"நீங்கதான், போன மாசம். ரோகிணி வூட்டுலயே குந்திக்கிட்டு மத்த பொண்ணுங்கள எட்டிப் பாக்கலன்னு மாமனாரு தட்சன் தேஞ்சு போடான்னு சாபம் குடுத்துட்டாரு. உங்க சிவன் பாவம் பாத்துத் தூக்கித் தலையில வச்சுக்கிட்டாரு. பாத்தீங்களா, ஞாபகம் வச்சிருக்கேன்."

"தெரியுதுல்ல? அப்ப மூடு."

"நான் எதுக்கு மூடணும்? எங்க மாதா படத்தப் பாருங்க. அந்த அம்மா காலுக்குக் கீழதான் பிறை கெடக்கு. எனக்கு அவரு ஒண்ணும் செய்ய மாட்டாரு."

டீக்கடைக்காரர் சிரித்தார். முருகையனும் சிரித்தார். காசை யார் கொடுப்பது என்று கொஞ்சம் இழுபறி நடந்தது. சவரிமுத்துவை நான் பார்த்தது அந்த ஒருதடவைதான். மேல்சட்டைப் பையில் ஒரு சீப்பு வைத்திருந்தார்.

1999 ஐப்பசியில், தீபாவளிக்குப் பத்து நாள்கூட இல்லாதபோது, திருவாதிரை வந்தது. இரண்டு நாளாக மழை. முருகையன் வீட்டில் சாக்கை விரித்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். காலை பத்து மணி சுமாருக்கு சுரங்கத்திலிருந்து ஒருவர் டி.வி.எஸ். ஃபிப்டியில் நனைந்துகொண்டே வந்தார். வண்டியை நிறுத்தவில்லை, ஒரு காலை ஊன்றிக்கொண்டு சொன்னார்.

"அண்ணே, டிப்பர் சரிஞ்சுபோச்சு. சவரி உள்ள மாட்டிக்கிட்டான்."

"ஐயோ, உசுரு இருக்கா?" என்று அக்கா கேட்டாள். வந்தவர் இல்லையென்று தலையை அசைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

முருகையன் எழுந்திருக்கவில்லை. கையில் இருந்த கடலையை உடைத்துப் பருப்பை முறத்தில் போட்டார். அடுத்ததை எடுத்தார். அக்கா தோளைப் பிடித்து உலுக்கினாள். அவர் அவளைப் பார்த்தார், பிறகு கடலையைப் பார்த்தார். சாக்கில் இருந்தது முழுவதையும் உரித்து முடித்துவிட்டுத்தான் சட்டையை மாட்டினார்.

கழிவு மண்ணைக் கொண்டுபோய்க் கொட்டும் மேட்டில், வண்டி பின்னால் வரும்போது விளிம்பைத் தாண்டாமல் இருக்க மண்ணால் ஓர் அணை போட்டிருப்பார்கள். டயர் அதில் முட்டி நிற்கும். மழையில் அந்த அணை கரைந்துபோயிருந்தது. திரும்பப் போடச் சொல்லி டிரைவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சவரிமுத்து பின்னால் வந்தார். முட்டி நிற்க ஒன்றும் இல்லை.

முருகையன் போய்ச் சேர்ந்தபோது வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். "எப்படிண்ணே ஆச்சு? நீங்க எங்க இருந்தீங்க?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவர் பேசவில்லை. அன்று அவருடைய நாள். மறுநாள் ஏலாக்குறிச்சிக் கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டார்கள். மறுநாள் பேசலாம்தான். அன்றும் பேச்சு வரவில்லை. அழுகையும் வரவில்லை. எல்லோரும் ஒரு பிடி மண் போட்டபோது அவரும் போட்டார். கையைத் தட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார்.

"சாப்புடுறாரு, குளிக்கிறாரு, வேலைக்குப் போறாரு" என்றாள் அக்கா போனில். "ஆனா ஆளு வூட்டுல இல்லடா. சோத்துல உப்பு போட மறந்துட்டேன் ஒருநாளு. அப்புடியே தின்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு." வெள்ளிக்கிழமைதோறும் பக்கத்து வீட்டு போனுக்கு நான் கூப்பிடுவேன். யார் எடுப்பார்கள், என்ன சொல்வார்கள் என்ற பயத்தோடுதான் மணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அதற்குள் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. அன்று காலை ஷிப்டில் பெயர் முருகையனுடையது. சவரிமுத்துவுக்கு அந்த நேரத்தில் அங்கே வேலையே இல்லை. அப்படியானால் அவர் ஏன் அங்கே போனார்? காண்டிராக்டர் ஆபீசிலிருந்து வந்த பதில் இது: முருகையன் டீ குடிக்கப் போயிருந்தார், அந்தச் சமயத்தில் சவரிமுத்து குடித்துவிட்டு வந்து வண்டியை எடுத்து ஓட்டி விழுந்துவிட்டார். அணையைப் பற்றி யாரும் பேசவில்லை.

தீபாவளி கழிந்த வாரம் சவரிமுத்துவின் மனைவி சுகன்யா மேரி வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். அக்கா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, நான் கேக்குறது ஒண்ணுதான். அவரு வேலைக்குப் போனாரா, வண்டியத் திருடப் போனாரா?"

"என்னம்மா நீ, இப்புடிக் கேக்குற?" என்றாள் அக்கா.

"ஊரே கேக்குதுக்கா. குடிச்சிருந்தாரான்னு எங்க சாமியாரே கேட்டுட்டாரு. கண்ணாலம் கட்டுன நாள்லேருந்து அவரு வாயில அந்த வாட வந்ததில்ல. காலையில எந்திரிச்சு, 'முருகையன் அண்ணனுக்கு இன்னைக்கு நாளு, நான் போவணும்'னு கஞ்சியக் குடிச்சிட்டுத்தான் போனாரு. நான் சொன்னா யாரு நம்புறா? பொண்டாட்டி அப்புடித்தான் சொல்லுவாங்கிறாங்க." முருகையனைப் பார்த்தாள். "நஷ்டஈடு குடுக்குறது, குடுக்காதது அவங்க பாடு. அவரு வேலைக்குத்தான் போனாருன்னு ஒருத்தரு சொல்லணும். தெரிஞ்ச மத்தவங்க வாயத் தொறக்கல. உங்களுக்கு நல்லாத் தெரியும்."

"சொல்றேம்மா" என்றார் முருகையன். அந்த வாரம் முழுவதும் அவர் பேசியது அவ்வளவுதான் என்றாள் அக்கா.

விசாரணைக்குத் தேதி குறித்தார்கள். சென்னையிலிருந்து ஓர் அதிகாரி காலை ரயிலில் வந்து, சாயங்கால ரயிலில் திரும்பிவிடுவார். தேதி தெரிந்ததும் பிச்சைமுத்து வீட்டுக்கு வந்தார். கூடவே ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கி வந்தார்.

"முருகையா, உன்ன யாரும் பொய் சொல்லச் சொல்லல. நீ சும்மா நின்னா போதும். அன்னைக்கு நீ ஷிப்ட்ல இருந்த, டீ குடிக்கப் போன. இத நாங்க சொல்லுவோம். நீ தலையக்கூட ஆட்ட வேணாம்."

"நான் வூட்டுல இருந்தேன்."

"எனக்குத் தெரியாதா? தெரிஞ்சு என்ன பண்றது? மாத்தி ஓட்டுனீங்கன்னு வெளிய தெரிஞ்சா உனக்கும் வேல இருக்காது, எனக்கும் இருக்காது. செத்தவன் எந்திரிச்சு வரப்போறானா?" பிச்சைமுத்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இன்னொண்ணு. காலண்டரப் பாத்தியா? கார்த்திக தீபம் முடிஞ்சு மூணாம் நாளு. திருவாதிரை. உன் நாளு. இத்தன வருசமா கட்டுன வாய அன்னைக்குப் போயி அவுக்காத. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

தேதியைக் குறித்தது காண்டிராக்டர் ஆபீஸ். பிச்சைமுத்துதான் காலண்டரைப் பார்த்துக் குறித்துக் கொடுத்தார் என்று அக்கா இன்றும் சொல்வாள். முருகையன் அப்படிச் சொன்னதில்லை. "சந்திரன் சுத்தி வந்தா வர வேண்டிய எடத்துக்குத்தான் வரும்" என்பார்.

அக்காவும் பிச்சைமுத்து பக்கம்தான் நின்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. முதல் நாள் சாயங்காலம் விளக்கேற்றி வைத்துவிட்டு அவரிடம் போய் உட்கார்ந்தாள்.

"ஏங்க, சொல்ல வேணாங்கல. மறுநாள் போயி சொல்லுங்க."

"அவரு சாயங்காலமே ரயிலேறிடுவாரு."

"அப்ப எழுதிப் போடுங்க. நாளைக்கு மட்டும் வேணாங்க. அந்த நாளுல பேசி அண்ணனத் தொலச்சீங்க. இப்பப் பேசி வேலையத் தொலைக்கப் போறீங்களா?"

"போன மாசம் அந்த நாளுல பேசாமத்தான் இருந்தேன்" என்றார் அவர்.

அக்கா எழுந்து போய் உலையை இறக்கினாள்.

மறுநாள் விசாரணை சுரங்கத்து ஆபீசில் நடந்தது. தகரக் கூரை போட்ட கொட்டகை. மேசை, நாற்காலி, மின்விசிறியின் இறக்கை, எல்லாவற்றின் மேலும் வெள்ளையாகக் கல்தூசி. அதிகாரி வயதானவர், மெதுவாகப் பேசுகிறவர். மேனேஜரும் பிச்சைமுத்துவும் ஒருபக்கம் உட்கார்ந்திருந்தார்கள். சுவரோரம் பெஞ்சில் சுகன்யா மேரி.

"உங்க பேரு?" என்று அதிகாரி கேட்டார்.

முருகையன் நின்றார்.

"முருகையன் சார்" என்றார் பிச்சைமுத்து.

"அவரே சொல்லட்டும்."

வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. வேண்டுமென்று செய்ததில்லை என்று அவர் என்னிடம் சொன்னார். அத்தனை வருடம் அந்த நாளில் சும்மா கிடந்த நாக்கு சும்மாவே கிடந்தது.

"பேச்சு வராதா இவருக்கு?"

"வரும் சார். இன்னைக்கு ஒரு வேண்டுதல்" என்று மேனேஜர் சிரித்தார்.

அதிகாரி சிரிக்கவில்லை. "சரி. அன்னைக்குக் காலை ஷிப்ட் உங்களோடது. நீங்க டீ குடிக்கப் போயிருக்கீங்க. அந்த நேரத்துல இறந்தவர் வண்டியை எடுத்திருக்கார். இதுல நீங்க மறுக்கிறது ஏதாவது இருக்கா?"

முருகையன் நின்றுகொண்டேயிருந்தார். மின்விசிறி சுற்றியது. அதிகாரி காத்திருந்து பார்த்துவிட்டுக் குனிந்து எழுதினார். "நீங்க போகலாம்" என்றார்.

அவர் திரும்பினார். கதவு வரைக்கும் போனார். சுகன்யா மேரி அவரைப் பார்க்கவில்லை. பெஞ்சின் மேல் படிந்திருந்த தூசியை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"முடிவெல்லாம் ஒண்ணும் பண்ணல மாப்ள" என்று பிறகு என்னிடம் சொன்னார். "கால் மரத்துப்போனா கீழ ஊனுறது தெரியாதுல்ல? ஊனிட்டமான்னு குனிஞ்சு பாத்துக்கணும். அந்த மாதிரிதான். சத்தம் கேட்டுச்சு. பாத்தா நான்தான் பேசுறேன்."

"என் பேரு முருகையன்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"அன்னைக்கு நான் வேலைக்கு வரலீங்க. டீ குடிக்கவும் போகல. வூட்டுல இருந்தேன். சவரிமுத்து என் வேலைக்குத்தான் வந்தாரு. நான்தான் வரச் சொன்னேன். நாலு வருசமா மாத்தி மாத்தி ஓட்டுறோம். அவரு குடிக்கிற ஆளு இல்லீங்க. அண கரஞ்சு கெடந்துச்சு. எல்லாம் பிச்சைமுத்து அண்ணனுக்குத் தெரியும்."

"யோவ், என்னய்யா உளர்ற?" என்று பிச்சைமுத்து எழுந்தார்.

அதிகாரி கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார். "நீங்க ஏன் வேலைக்கு வரலை?"

"சந்திராஷ்டமங்க."

வாசலில் நின்ற கிளார்க்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"உடம்பு சரியில்லையா அன்னைக்கு?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"இங்க பாருங்க" என்று அவர் குரலைத் தணித்தார். "அவர் உங்க வேலைக்கு வந்தார்னு சொல்லிட்டீங்க. எனக்கு அது போதும். நீங்க வராததுக்கு உடம்பு சரியில்லைன்னு போட்டுக்கறேன். இல்லன்னா உங்க வேலைக்கே ஆபத்து. புரியுதா?"

இது பொய்யாகக்கூடப் படாத சின்னப் பொய். சொல்லப்போவதும் அவர் இல்லை, எழுதப்போவதும் அவர் இல்லை. சவரிமுத்துவின் பெயரும் தப்பிவிட்டது. சரி என்று ஒரு தலையசைப்புப் போதும்.

"உடம்பு முடியாம அவர அனுப்பலீங்க. எனக்கு நாளு சரியில்லன்னு அவர அனுப்புனேன். அதையே போட்டுக்குங்க."

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதினார். சுகன்யா மேரி முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டு எழுந்து வெளியே போனாள்.

அந்த வாரமே முருகையனை நிறுத்திவிட்டார்கள். சவரிமுத்து வேலையில் இருந்தபோதுதான் இறந்தார் என்று தீர்வானது. நஷ்டஈடு இழுத்தடித்து வந்தது. வேறொரு காண்டிராக்டரின் கேண்டீனில் சுகன்யா மேரிக்கு வேலையும் கிடைத்தது. பிச்சைமுத்துவை வேறு குழிக்கு மாற்றினார்கள்; அதைத் தவிர அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மேட்டில் அணையைத் திரும்பப் போட்டார்கள்.

ஊரில் இதை இரண்டு விதமாகப் பேசினார்கள். "சந்திராஷ்டமத்துல வாயத் தொறந்தான், வேல போச்சு. பாத்துக்குங்க" என்றார்கள் சிலர். "அவன் பேசலன்னா அந்தப் பொண்ணு கதி என்னா?" என்றார்கள் வேறு சிலர். இந்தப் பேச்சு டீக்கடையில் அவர் எதிரிலேயே நடக்கும். அவர் டீயை ஆற்றிக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வருவார். டிப்பர் ஓட்டக் கூப்பிட்டவர்களிடம் மாட்டேன் என்றார். ஜெயங்கொண்டத்தில் ஒரு முந்திரி குடோனுக்கு வாட்ச்மேனாகப் போனார். பகல் வேலை. முந்திரிக்கொட்டை மூட்டைகள் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். அது அவருக்கு ஒத்துவந்தது.

திங்கட்கிழமைக் கோயிலை நிறுத்திவிட்டார். திங்களூருக்குப் போகவில்லை. காலண்டர் தாளை அக்காதான் கிழித்தாள்; அவர் அடியில் பார்ப்பதில்லை. திருவாதிரை வந்தால் மற்ற நாளில் பேசுவதுபோலவே பேசினார். மற்ற நாளிலும் அதிகம் பேசவில்லை என்பதால் வித்தியாசம் தெரியவில்லை. சந்திரன்மேல் கோபமா என்று ஒருதடவை போனில் கேட்டேன். கேட்டது தப்போ என்று உடனே பயமாகவும் இருந்தது. "கோவமெல்லாம் இல்ல மாப்ள. நெனப்பு வரல, அவ்ளோதான்" என்றார்.

2003-இல் நான் லீவில் வந்திருந்தபோது ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் சுகன்யா மேரி வந்தாள். கேண்டீன் உடுப்பின் மேல் ஒரு புடவைத் துண்டைப் போர்த்தியிருந்தாள். அக்காவிடம் நலம் விசாரித்துவிட்டு, முருகையனிடம் திரும்பினாள்.

"அண்ணே, அன்னைக்கு ஆபீசர்கிட்ட உடம்பு சரியில்லன்னு சொல்லிருந்தீங்கன்னா நான் இத மறந்திருப்பேன். நீங்க சாமி பேரச் சொல்லிட்டீங்க. அது உள்ளயே கெடக்கு. அந்தச் சாமிய ஒரு தடவ பாக்கணும்."

"எதுக்கும்மா?" என்றாள் அக்கா, கொஞ்சம் பயந்துபோய்.

"சும்மா பாக்கத்தாங்க்கா."

முருகையன் சட்டையை மாட்டிக்கொண்டார். கூடப் போகச் சொல்லி அக்கா எனக்குக் கண்ணைக் காட்டினாள்.

கோயிலில் கூட்டம் இல்லை. வெயில் இன்னும் பிராகாரத்தில் இருந்தது. அவள் செருப்பை வெளியே விட்டுவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"நான் வரலாமாண்ணே?"

"வாம்மா. யாரு கேக்கப்போறா?"

நவக்கிரக மேடை மூலையில் இருந்தது. ஒன்பது கல், ஒன்றை ஒன்று பார்க்காமல் ஆளுக்கொரு திசையில் நின்றன. எண்ணெய்ப் பிசுக்கு தரையெல்லாம் படிந்திருந்தது.

"இதுல எது?"

முருகையன் கையை நீட்டிக் காட்டினார். முழங்கால் உயரம்கூட இல்லை. இடுப்பில் சுற்றியிருந்த வெள்ளைத் துணி எண்ணெய் குடித்து மஞ்சளாகியிருந்தது. யாரோ வைத்துவிட்டுப் போயிருந்த நந்தியாவட்டைப் பூ வாடியிருந்தது. காலடியில் கொட்டியிருந்த பச்சரிசியை எறும்புகள் இழுத்துக்கொண்டிருந்தன.

அவள் குனிந்து பார்த்தாள்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதாம்மா."

"பெருசா இருக்கும்னு நெனச்சேன். மூஞ்சியே தெரியலியே."

"எண்ண ஊத்தி ஊத்தித் தேஞ்சிருக்கும்."

அவள் சுற்றிப்போய் இன்னொரு பக்கத்திலிருந்து பார்த்தாள். பிறகு திரும்பி வந்தாள்.

"இவருக்காவாண்ணே எங்க வூட்டுக்காரரு போனாரு?"

நான் முருகையன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்லம்மா" என்றார். "எனக்காகப் போனாரு."

அவள் தலையை அசைத்தாள். கோபப்படவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அந்தக் கல்லையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இங்க வந்து நின்னா அழுவ வரும்னு நெனச்சேன். திட்டிட்டுப் போவலாம்னுகூட நெனச்சேன். ஒண்ணுமே வரல."

"எனக்கும் வரலம்மா" என்றார் முருகையன். "நாலு வருசமா வரல."

வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டோம். அடுத்த பஸ் எப்போது என்று கேட்டாள். இப்போது வரும் என்றார். மூவரும் சாலையோரம் நின்றோம். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் வரிசையாகப் போயின. கேண்டீனில் அரிசி சரியில்லை, புழு வருகிறது என்று அவள் சொன்னாள். அவர் அதைக் கேட்டு, எந்தக் கடையில் வாங்குகிறார்கள் என்று விசாரித்தார்.

பஸ் நிறைந்து வந்தது. படியில் நாலைந்து பேர் தொங்கிக்கொண்டிருந்தார்கள். முருகையன் முன்னால் போய் ஒருவரின் முழங்கையைத் தொட்டார்.

"கொஞ்சம் எடம் விடுங்கப்பா. எங்க வூட்டுப் பொண்ணு ஏறணும்."

அவர்கள் ஒதுங்கினார்கள். அவள் ஏறிக்கொண்டாள்.